சரியான நிறம்

மகள் கைகழுவும் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, கழிவறைக் கதவில் காதை வைத்தாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் தானாக வந்துவிடும் என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லியிருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் வந்ததாம்.

உள்ளே அப்பா. கையில் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி.

சிறுநீர் போவதற்காக வைத்திருந்த டியூபைக் காலையில் எடுத்துவிட்டார்கள். மாலைக்குள் அவராகப் போக வேண்டும். போனதை ஜாடியில் பிடித்துக் காட்ட வேண்டும். போனால் வீடு. போகாவிட்டால் மறுபடியும் டியூப், பை, இன்னும் ஒரு வாரம் இதே வார்டு.

வயதான மனுஷர் ஒருவர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று ஒரு வார்டே காத்துக் கிடந்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். மகளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. சேர்ந்தாற்போல் எத்தனை ராத்திரியாகவோ விரிப்பே இல்லாமல் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் படுக்கிறாள். முறை மாற்றிக்கொள்ள வேறு யாரும் இல்லை.

மதியம் மேற்பார்வையாளர் போன் செய்தார். நாளைக் காலை வராவிட்டால் அவள் இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிடுவாராம். அவள் நடைபாதைக்குப் போய்க் கெஞ்சிவிட்டு வந்தாள். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

கண்ணைத் திறந்ததும் பால் இல்லாத டீ வேண்டும் என்றார். பால் கொஞ்சம் குறைந்தாலே முகத்தைச் சுளிக்கிறவர். சூடாகக் குடித்தால் போகும் என்றார். அவள் ஓடிப்போய் வாங்கி வந்தாள். பாதி குடித்துவிட்டு, மீதியை உட்கார்ந்துகொண்டே குடிக்கிறேன் என்று கோப்பையோடு உள்ளே போனவர்தான்.

டாக்டர் அவளிடம் தனியாக ஒன்று சொல்லியிருந்தார். அடைத்துக்கொண்ட சிறுநீர் மேலே ஏறி, இரண்டு சிறுநீரகங்களும் வீங்கிப்போய்த்தான் அப்பா இங்கே வந்தார். இன்னொரு முறை அடைத்தால் அவை தாங்காது. இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. பயந்தால் வருவதும் வராது என்று விட்டுவிட்டாள்.

குழாய்ச் சத்தத்தையும் மீறி உள்ளே இன்னொரு சத்தம் கேட்டது. ஜாடியில் ஊற்றும் சத்தம். நிறைவாக, விட்டு விட்டு.

மகள் குழாயை மூடினாள். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கதவு திறந்தது. அப்பா ஜாடியை அவளிடம் நீட்டினார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். வெளிர் மஞ்சள். அளவும் பாதி ஜாடிக்கு மேல். நிறமெல்லாம் நன்றாகவே இருக்கிறது, கொட்டிவிட்டு வாருங்கள், டாக்டரிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றபடியே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

நிறம் நன்றாக இல்லாமல் போகுமா? ஆயுசு முழுக்க வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர் அப்பா. வார்டுக்கு வந்த அன்று, டியூப் குத்தும் வலியிலும், சுவரில் ஒட்டுப்போட்ட இடம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்று குறைபட்டுக்கொண்டார். அவர் கலந்து பூசினால் ஒட்டு எங்கே என்று வீட்டின் சொந்தக்காரருக்கே தெரியாது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டையை மாட்டத் தொடங்கினார்.

மகள் ஜாடியோடு கழிவறைக்குள் நின்றாள். கொட்டவில்லை. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

கொட்டிவிட்டால் முடிந்தது. இன்று ராத்திரி சொந்தப் பாய். நாளைக் காலை இஸ்திரி மேசை. யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கொட்டிவிடத்தான் மனசு அடித்துக்கொண்டது. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

ஜாடியை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போனாள். மெல்ல ஏதோ சொன்னாள். நர்ஸ் ஜாடியை வாங்கி ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார். பிறகு புது டியூப் எடுக்கப் போனார்.

மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் அப்போதுதான் போட்டு முடித்திருந்த சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். அவர் தடுக்கவில்லை. அடிவயிறு கல்லாக உப்பியிருந்தது.

கடைசிப் பொத்தானைக் கழற்றும்போது மெதுவாகக் கேட்டார்.

"கலர் சரியா வரலையாம்மா?"

"கலர் அப்படியேதான் இருந்துச்சுப்பா. ஜாடிதான் சில்லுனு இருந்துச்சு."