ஐந்தாவது வரி

அவர் படித்த வேகம்தான் அவளுக்கு உறுத்தியது.

ட, ப, க, ம, ல.

திணறல் இல்லை. கண்ணைச் சுருக்கவில்லை. கழுத்தை முன்னே நீட்டவில்லை.

காலையிலிருந்து பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கு அவள்தான் கண் பரிசோதனை செய்கிறாள். இருபத்தைந்து வயதுக்காரன்கூடப் பொடி எழுத்துகளில் சற்று நின்றுதான் போனான்.

இவருக்கு ஐம்பத்தாறு. பெயர் இருதயராஜ். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை.

போன வருடம் வரை ஏதாவது ஒரு டாக்டரின் சான்றிதழ் போதும். அவருடைய கோப்பில் அப்படி ஏழு இருந்தன. ஏழிலும் 'பார்வை நன்று'. ஏழும் ஒரே நாளில் எழுதியவை போல ஒரே மை.

இந்த வருடம் விதி மாறிவிட்டது. நேரில் வர வேண்டும். ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து படிக்க வேண்டும்.

"இப்ப இடது கண்ண மூடிக்குங்கண்ணே."

மூடினார். அதே வேகம்.

அவள் எழுந்து போனாள். சுவரில் தொங்கிய பலகையைக் கழற்றினாள். பின்பக்கம் வேறு எழுத்துகள். அதைத் திருப்பி மாட்டினாள்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அஞ்சாவது வரிய மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க."

"ட, ப, க, ம, ல."

பலகையில் அந்த வரி 'ச' என்று தொடங்கியது.

தன் சந்தேகம் பொய்யாகிவிடக் கூடாதா என்று நினைத்திருந்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு அருகில் போனாள். இரண்டு கண்மணிகளிலும் பால் படிந்தது போல வெண்மை.

"பலகைய மாத்திட்டேண்ணே."

அவர் கண்ணிலிருந்து கையை மெல்ல இறக்கினார்.

"ஸ்கூல் தொறக்க ஒம்போது நாள்தாம்மா இருக்கு. ஆபரேசன்னு படுத்தா வேற ஆளப் போட்ருவாங்க. இருவத்திரெண்டு வருசமா வண்டில ஒரு கீறல் இல்லம்மா."

"வேன்ல எத்தன புள்ளைங்க?"

"இருவத்தாறு."

சொன்ன பிறகு அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அவள் 'தகுதி இல்லை' என்று எழுதினாள். ஆபரேஷனுக்கு இன்னொரு சீட்டு. அவர் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாருண்ணே எழுத்த சொல்லிக்குடுத்தா?"

அவர் தலை வாசல் பக்கம் திரும்பியது.

அடுத்தவரைக் கூப்பிட அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

பெஞ்சில் பதினொரு பேர். சிலர் கண்களை மூடியிருந்தார்கள்.

எல்லா உதடுகளும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

அவளைக் கண்டதும் நின்றன.