துபாஷி

சந்தேஷ் இனிப்பு டப்பாவைச் சந்தானத்தின் கையில் திணித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள் எதிர்வீட்டு ஸ்மிதா. சென்னை டாக்டர் இன்னும் சற்று நேரத்தில் வீடியோவில் வருகிறார், தாதா வந்து மொழிபெயர்த்தால் புண்ணியமாகப் போகும் என்று பெங்காலியில் கேட்டுக்கொண்டாள். பெங்காலியில் தாதா என்றால் அண்ணன்.

ஸ்மிதா சென்னையிலிருந்து திரும்பிய நாள் முதலாக அந்த வீட்டிலிருந்து இனிப்பு வந்துகொண்டே இருந்தது. ஒரு துண்டைக்கூடச் சந்தானம் வாயில் வைக்கவில்லை.

"பால் திரிஞ்சு போச்சு, இவளுக்கு என்னத்தைக் கொடுக்கறது?" என்று உள்ளேயிருந்து தமிழில் கேட்டாள் அவர் மனைவி சகுந்தலா.

எனக்கு ஒன்றும் வேண்டாம் அண்ணி, தாதாவை மட்டும் அனுப்புங்கள் என்று பெங்காலியில் சொல்லிவிட்டு ஸ்மிதா முன்னால் நடந்தாள்.

கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் ரிட்டயர் ஆன சந்தானத்துக்கு அந்தக் குடியிருப்பில் ஒரு பதவி உண்டு. யாருக்கு என்ன நோவு என்றாலும், எங்க ஊருக்குப் போங்க என்று அனுப்பிவைப்பது அவர்தான். கல்கத்தாக்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றாலே தெற்கே போவதுதான். அடுத்த வீட்டில் ஒரு தமிழரும் இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா? லாட்ஜ் பிடித்துக் கொடுப்பார், டாக்டரிடம் பேசுவார், தேவைப்பட்டால் கூடவே ரயிலேறுவார். காசு வாங்கமாட்டார். பெருமையை மட்டும் குறையில்லாமல் வாங்கிக்கொள்வார்.

ஸ்மிதாவின் புருஷன் பிமலுக்குக் கரியாஹாட்டில் புடவைக் கடை. நின்று நின்று முதுகில் டிஸ்க் பிதுங்கி, வலி கால்வரை இறங்கியிருந்தது. கத்தி வேண்டாம், பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார் உள்ளூர் டாக்டர். இந்த ஊர் டாக்டருக்கு என்ன தெரியும் என்று சிரித்த சந்தானம், அவர்களை ஹவுராவில் ரயிலேற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சென்னை டாக்டர் ஒரு நர்சோடு கட்டிலருகே வந்து தமிழில் பொறுமையாகத்தான் சொன்னார். சிலருக்கு நரம்பு அடிபட்டுக் கால் விழுந்துவிடலாம், ஆபரேஷன் வேண்டாம் என்றால் இப்போதைக்கு விட்டும் வைக்கலாம், முடிவு அவர்களுடையது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்றார். சந்தானம் பெங்காலியில் சொன்னது இவ்வளவுதான்: பயமே வேண்டாமாம், துர்கா பூஜை வியாபாரத்துக்கு பிமல் கடையில் நிற்பானாம்.

கத்தி வைக்கப்போகிற நேரத்தில் வாயால் அபசகுனம் பேசலாமா என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். இத்தனை தூரம் கூட்டிவந்து, வேண்டாம் என்று திரும்பிப் போனால் ஊரில் தன் மரியாதை என்னாவது என்பதுதான் நிஜம்.

பிமல் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி செத்துப்போய், மூத்திரத்துக்குக் குழாயோடு படுத்துவிட்டான். சந்தானம் ஏதோ வேலை என்று சொல்லி முதலிலேயே கல்கத்தா திரும்பிவிட்டார். ஸ்மிதா மட்டும் அந்த வார்டில் ஆயாக்களோடும் நர்சுகளோடும் மாதக்கணக்கில் கிடந்து, புருஷனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து சேர்த்தாள்.

கட்டிலருகே அன்று நடந்தது யாருக்கும் தெரியாது. டாக்டருக்கு பெங்காலி தெரியாது, ஸ்மிதாவுக்குத் தமிழ் தெரியாது. அந்த இரண்டு தெரியாதுகளுக்கு நடுவில்தான் சந்தானம் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்.

பிமலின் அறையில் டெட்டால் நெடி தூக்கியடித்தது. ஸ்மிதா போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். அதே டாக்டர்தான் வந்தார். முதுகை மறுபடி திறந்து பார்ப்பதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் கேட்டிருந்தார்களாம்.

"சார், ஒளிவுமறைவில்லாம சொல்றேன். திரும்பத் திறந்தா பிரயோஜனம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்ப இருக்கறதைவிட மோசமாகவும் ஆகலாம். வேண்டாம்னா அப்படியே விட்டுடலாம். முடிவு அவங்களோடது" என்றார் தமிழில்.

பிமல் போனைப் பார்க்கவில்லை. சந்தானத்தின் வாயையே பார்த்தான். "மறுபடி கடையில நிப்பேனா தாதா?" என்று பெங்காலியில் கேட்டான்.

பயமே வேண்டாமாம் என்ற பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கண்களில் இருந்த ஆசையைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் போர்வைக்கு அடியில் அசையாமல் கிடந்த கால்களையும் பார்த்தார். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் பெங்காலியில் சொல்லி முடித்தார். மோசமாகவும் ஆகலாம் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

பிமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேண்டாம் தாதா, இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்றான். சந்தானம் அதை டாக்டரிடம் தமிழில் சொன்னார். ஸ்மிதா போனை அணைத்தாள்.

சந்தானத்துக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. செய்த பாவத்தில் பாதியாவது இன்றைக்குக் கழிந்தது என்று நினைத்துக்கொண்டே எழுந்தார்.

ஸ்மிதா வாசல்வரை கூடவே வந்தாள். பிமலுக்குக் கேட்காதபடி அறைக் கதவைச் சாத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்து, மெதுவாக, தெளிவான தமிழில் சொன்னாள்.

"போன தடவையும் டாக்டர் உங்ககிட்ட இதையேதான் சொன்னாராமே, அண்ணா."