முப்பது அடி தள்ளி

மதியம் இரண்டு இருபதுக்கு வாகன ஆய்வாளரின் கார் கடை முன்னால் வந்து நின்றது. எலக்ட்ரீஷியன் மேஜை மேலிருந்த மூன்று கறுப்புப் பெட்டிகளை இழுப்பறைக்குள் தள்ளி, மேலே ஒரு பழைய துணியைப் போட்டு மூடினார்.

தீப்பெட்டி அளவுப் பெட்டிகள். பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரில் ஒன்றைச் சேர்த்துவிட்டால், மிதித்ததும் விளக்கு ஐந்து தடவை படபடவென்று மினுக்கிவிட்டு அப்புறம்தான் நிலையாக எரியும். சட்டப்படி கூடாது. மூன்று மாதம் முன்பு இதே ஆய்வாளர் இதே வாசலில் நின்று கத்தியிருந்தார். "இன்னொரு தடவை பார்த்தேன், ஷட்டரை இழுத்து சீல் வெச்சுடுவேன்."

அதன் பிறகு ஆளைக் காணோம். நீண்ட விடுப்பு என்றார்கள். மாற்றல் என்றும் சொன்னார்கள். எலக்ட்ரீஷியனுக்கு இரண்டுமே நல்ல செய்தியாகப் பட்டன.

ஆய்வாளர் இறங்கினார். இளைத்திருந்தார். அவருடைய சாம்பல் நிறக் காரில் பானெட் மட்டும் ஒரு சாயல் வெளுத்துத் தெரிந்தது. யாரோ அரைகுறை பெயின்டரிடம் கொடுத்திருக்கிறார் என்று எலக்ட்ரீஷியனின் கண் தன் பாட்டுக்கு எடை போட்டது.

"வாங்க சார். உக்காருங்க. டீ சொல்லவா?"

"மினுக்குற பெட்டி ஒண்ணு எடு."

"அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு சார். சத்தியமா."

"இழுப்பறையில இருக்கு. எடுத்து உன் வண்டியில மாட்டு."

எலக்ட்ரீஷியன் இழுப்பறையைத் திரும்பிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறார். களவைச் செய்யச் சொல்லிப் பிடிப்பதை இன்றுதான் பார்க்கிறார்.

"சார், வயித்துல அடிக்காதீங்க. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

"மாட்டு."

கடையை ஒட்டி அவருடைய பழைய வேன் நின்றது. பத்து நிமிட வேலை.

ஆய்வாளர் தன் காரை வேனுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி நிறுத்தினார். "ஹாரன் அடிச்சா பிரேக்கை மிதி. எடுத்துடு. மறுபடி அடிச்சா மறுபடி மிதி. நான் சொல்றப்போ பெட்டியைக் கழட்டிட்டு அதே மாதிரி செய்."

எலக்ட்ரீஷியன் மிதித்தார். விளக்கு மினுக்கியது. பெட்டியைக் கழற்றிவிட்டு மிதித்தார். நிலையாக எரிந்தது. மறுபடி மாட்டச் சொன்னார். மாட்டினார். பதினோரு ஹாரன்வரை எண்ணிவிட்டு அப்புறம் விட்டுவிட்டார்.

பின்கண்ணாடியில் ஆய்வாளரின் முகம் தெரிந்தது. போட்டோ எடுக்கவில்லை. நோட்டில் எதுவும் எழுதவில்லை. கேஸ் போடுகிறவர் செய்கிற எதையும் செய்யாமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுத்துப் பார்த்த எலக்ட்ரீஷியன் இறங்கிப் போனார். காரில் இன்ஜின் ஓடவில்லை. ஆய்வாளரின் வலது கால் மட்டும் பிரேக்கை அழுத்தியபடி இருந்தது.

"சீல் வைக்கிறதுன்னா வெச்சுடுங்க சார். இப்படி வெச்சு விளையாடாதீங்க."

"நிலையாத்தான் எரியணும்," என்றார் ஆய்வாளர், முன்னால் பார்த்தபடியே. "மினுக்கினா எது பிரேக், எது இண்டிகேட்டர்னு பின்னாடி வர்றவன் குழம்புவான். இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"மினுக்கினாத்தான் சார் கண்ணுல படும்." எலக்ட்ரீஷியனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எப்படியும் கடை போகப்போகிறது. "என்கிட்ட பெட்டி மாட்டியிருந்த ஒரு சிவப்பு வண்டிப் பையன் அதைக் கழட்டினதே உங்க மிரட்டலாலதான். நீங்க வந்துட்டுப் போன மறுநாளே வந்தான். 'கழட்டிடுங்கண்ணே, இல்லேன்னா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க'ன்னு சிரிச்சான். 'என்னடா, அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுதா'ன்னு நான்கூட ஓட்டினேன்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான். கழட்டி ஒரு வாரம்கூட ஆகல சார். பைபாஸ்ல நாய் குறுக்க வந்திருக்கு, பிரேக் போட்டிருக்கான். பின்னாடி வந்த வண்டி அப்படியே தள்ளிட்டுப் போய் எதிர்ல வந்த லாரிக்கு அடியில விட்டுடுச்சு. வண்டியைத் தூக்கின கிரேன்காரன் சொன்னான். அந்த இடத்துலயே முடிஞ்சுபோச்சாம். பின்னாடி வந்தவன் எந்தக் குருட்டுப் பயலோ."

சொன்ன பிறகுதான் எலக்ட்ரீஷியனுக்குப் பயம் வந்தது. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

ஆய்வாளர் கோபப்படவில்லை. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். மறுபடி மிதித்தார். "வேற ஏதாவது சொன்னானா, கிரேன்காரன்?"

"இல்லையே சார்."

"மினுக்கினப்பவும் என் காலு போகுது. நிலையா எரிஞ்சப்பவும் போகுது. நின்ன வண்டியில உக்காந்து பார்த்தா ஒண்ணும் தெரியல." அவர் முதல் தடவையாகத் திரும்பி எலக்ட்ரீஷியனின் முகத்தைப் பார்த்தார். "வீட்ல எல்லாரும் ரெண்டு வண்டியில கிளம்பினோம். முன்னாடி என் பையன், பின்னாடி நான். நீங்க சொல்லுங்க, மினுக்கியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனா?"