சோதனைக்கு வந்த ஆள்

“நீ எழுதுனதை நீயே ஓட்டிக் காட்டுனா எப்படிங்க கண்ணு? ஸ்கிரீனைப் படிக்க முடியாத இன்னொருத்தர் ஓட்டோணும். அப்பத்தான் நம்ம ஸ்கூல்ல பசங்களுக்குக் குடுப்பேன்” என்றார் டேனியல்.

கோவை பார்வையற்றோர் பள்ளியின் இசை ஆசிரியர்; சோதித்துப் பார்க்க அபிராமியின் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. மதிப்பெண் போடும்போது இரக்கமும் கிடையாது.

அபிராமியும் பிறவியிலேயே பார்வையற்றவள். பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றில் பட்டன்கள் எல்லாமே படங்கள். கம்ப்யூட்டரின் வாசிப்புக் குரல் அங்கே வந்ததும் ஊமையாகிவிடும். இரண்டு வருடம் மல்லுக்கட்டி, ஒவ்வொரு பட்டனையும் பேசவைக்கும் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அதுவும் தமிழில். வெள்ளைக்காரர் ஒருவர் அவள் ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு வாரம் தங்கிக் கற்றுக்கொண்ட மாதிரியான தமிழ்.

“ஆள் இருக்கு சார். யப்பா, வாங்க!”

பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்திருந்த அப்பா காசிமாயன், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

“ஸ்கிரீனை அணைச்சாச்சுங்களா?”

“வாங்கவே இல்ல சார். வாங்குனா தூசி தொடைக்கிற வேலைதான் மிச்சம்” என்றாள் அபிராமி.

டேனியல் மேசையில் தாளம் தட்டி ஒரு பல்லவி பாடினார். நடுவில் வேண்டுமென்றே இருமினார்.

“இருமலை வெட்டுங்க. கொஞ்சம் எதிரொலி சேருங்க. மூணு நிமிஷம்.”



விசைகள் தடதடத்தன. “பதிவு… வெட்டு… எதிரொலி…” என்று கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அந்த வெள்ளைக்காரர் வரிசையாகச் சொன்னார். மூன்று நிமிடம் ஆவதற்குள் பாட்டு ஒலித்தது. கோயில் மண்டபத்தில் பாடியது போலிருந்தது. இருமலைக் காணோம்.

 டேனியல் காசிமாயனின் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

“திங்கக்கிழமையே பசங்களுக்குப் போட்டுத் தர்றேனுங்க. நம்மளாட்டம் இருக்கறவங்க எல்லாத்துக்கும் இந்தப் புள்ளை பெருமை சேர்த்துட்டாளுங்க!”

“சந்தோசம் சார்” என்றார் காசிமாயன்.

“ஏனுங்க, நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ பிடிச்சு உடறதுக்குக் கண்ணு தெரிஞ்சவங்க பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“ஆட்டோ எதுக்கு சார்? மொபட்டு வாசல்லதான் நிக்கி.”

குலுக்கிக்கொண்டிருந்த டேனியலின் கை சட்டென்று நின்றது. “ஓட்டறது யாருங்க?”

“நாந்தான் சார். கண்ணு நல்லாத் தெரியும். எழுத்துத்தான் ஒண்ணுகூடத் தெரியாது. எம் மகளுக்கு ஒரு வரி வாசிச்சுக் காட்ட வக்கில்லாத அப்பன் நானு. இப்ப அவ எழுதுனதுதான் எனக்கு வாசிச்சுக் காட்டுது!”