சுவரைப் பார்த்து

மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தின் பார்வையாளர் அறையில் பினாயில் நெடி மூக்கைத் துளைக்கிறது. வார்டன் வாயில் தேன் ஒழுகுகிறது. "இங்க யாரும் யார் மேலயும் கை வைக்கிறதில்லம்மா. உங்க தம்பியையே கேளுங்க." அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நரை தட்டிய தம்பி, சட்டைப் பொத்தானைத் திருகியபடி தரையையே பார்க்கிறான். "அப்ப இவன் முதுகுல ஏது இந்தத் தடிப்பு?" என்று அவள் வெடுக்கெனத் திரும்ப, கை பட்டுத் தேநீர்க் கோப்பை கவிழ்கிறது. வார்டன் சிரிப்பு மாறாமல் துணி தேடுகிறார். தம்பிக்கு முகம் வெளிறுகிறது. அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப்போய், சுவரைப் பார்க்க நிறுத்தி, அவள் கைகளைத் தலைமேல் தூக்கி வைக்கிறான். பிறகு, வார்டனின் கைக்கு எட்டாதபடி அவள் முதுகை மறைத்து நின்றுகொண்டு கிசுகிசுக்கிறான்: "அழாதக்கா. அழுதா இன்னும் அடிப்பாரு."