மூன்றாம் வருடத்து நான்கு நிமிடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுங்களா. ஒருத்தி முப்பத்தெட்டு வருஷம் நெஞ்சுக்குள்ளேயே மடித்துத் தைத்து வைத்திருந்த கதை ஒன்று சொல்கிறேன். சின்னதுதான், உங்கள் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

டெய்லரம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே ஊசியில் நூல் ஏறவில்லை.

கூடத்தில் பாம்புக்காது உட்கார்ந்திருந்தான். பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு அசலா, கைவைத்ததா என்று சொல்வது அவன் தொழில். பெயரும் அதனால் வந்ததுதான். தலையில் பெரிய ஹெட்போன், முகத்தில் யாரையும் நம்பாத பார்வை.

எதிரே, இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி அவள் வீட்டுக்காரர்.

மேஜைமேல் ஆறு கேசட்.

வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் செய்பவர். வாலிப வயதில் ஒரு ப்ராக்ரெசிவ் ராக் குழுமேல் அப்படியொரு பைத்தியம். அவர்கள் ஒரு பாட்டைத் தொடங்கினால், ஒரு சட்டைக்குக் காலர் வைத்துப் பொத்தானும் தைத்துவிடலாம், பாட்டு முடிந்திருக்காது. அந்தக் குழு கொடிகட்டிப் பறந்த ஆறு வருஷமும், திறந்தவெளி இசைவிழாவில் கூட்டத்துக்கு நடுவே மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர். கைதட்ட மாட்டார், வாய் திறக்க மாட்டார். மைக் பிடிப்பவனுக்கு அதுதான் விரதம்.

வருஷத்துக்கு ஒரு கேசட், ஆறும் சேர்ந்தாற்போல் வேறு யாரிடமும் இல்லையாம். ஒரு இசைக் காப்பகம் கேட்டிருந்தது. குளிரூட்டிய அறையில் வைப்பார்கள். பெட்டியில் அவர் பெயர் இருக்கும். ஒரே நிபந்தனை, ஒன்றிலாவது யாராவது வேண்டுமென்றே கைவைத்திருந்தால் ஆறும் திரும்பி வந்துவிடும்.

தனக்கென்று எதையும் ஆசைப்படாத மனுஷர். இதற்கு மட்டும் ஆசைப்பட்டுவிட்டார்.

முதல் இரண்டும் தேறின.

மூன்றாவது கேசட் சுழன்றது. டெய்லரம்மா மெஷினை நிறுத்தினாள்.

கல்யாணமான புதிதில், அவர் இல்லாத நேரம் பார்த்து அதைப் போட்டுக் கேட்டவள் அவள். தனியாகத்தான் போனேன் என்று சொல்லியிருந்தார். பாட்டுக்கு நடுவே ஒரு பெண் சிரித்தாள். தோளை உரசிக்கொண்டு சிரிப்பதுபோல, மூன்று தடவை. மூன்றாவது சிரிப்புக்கு, வாயே திறக்கக்கூடாத மனுஷர் மெதுவாக ஆஹா என்றார்.

கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

கேசட்டில் எதுவும் அழிந்துபோகாமலிருக்க, அதன் முதுகிலிருந்த சின்னத் தக்கையை உடைத்து ஓட்டையாக்கி வைத்திருந்தார். மறுபடி மேலே பதிய, அந்த ஓட்டையை ஒட்டுத்தாளால் மூடினாள். குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டாள். கூடத்தில் அதே பாட்டின் இசைத்தட்டை ஓடவிட்டாள். குளியலறை வாசற்படியில் ரெக்கார்டரை வைத்து, பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். திருப்தியாகும்வரை திரும்பத் திரும்ப அமுக்கினாள். சிரிப்பு இருந்த இடத்தில் நான்கு நிமிடம் மழை பெய்தது. அன்று மழை வந்ததாக அவரே சொல்லியிருந்தாரே.

அதற்கப்புறம் மூன்று வருஷம், விழாவுக்குப் போய்த் திரும்பியவரின் சட்டைப் பையைத் துழாவினாள். ஒரு பஸ் டிக்கெட், செத்துப்போன பேட்டரி. சந்தேகம் மட்டும் சாகவில்லை.

பாம்புக்காது டேப்பை நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி கேட்டான்.

"அண்ணே, மைதானத்து ஜெனரேட்டர் கேசட் முழுக்க உறுமிக்கிட்டே இருக்கு. இங்க மட்டும் நாலு நிமிஷம் நின்னுபோச்சு. ஆனா கிடார் நிக்கல."

மழை, என்றார் வீட்டுக்காரர்.

மழை கடைசிப் பாட்டுக்குத்தான் வந்தது என்றான் அவன். அதே நாள் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற வேறொருவர் பதிந்ததும் அவனிடம் இருந்தது. கரகரப்பு, ஆனால் அறுபடாதது. அதை ஸ்பீக்கரில் போட்டான்.

அதே இடம் வந்தது.

ஒரு பெண் சிரித்தாள். மைதானத்தின் அந்தக் கோடியிலும், அதே சிரிப்பு, மூன்று தடவை. கூட்டம் முழுக்க ஆர்ப்பரித்தது.

கீபோர்டுக்காரனின் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு உண்டாம், கட்டையை அமுக்கினால் அதில் பதிந்தது ஒலிக்குமாம், விளக்கினான் பாம்புக்காது. அன்றைக்கு விளையாட்டாக ஒரு கட்டையில் சிரிப்பை ஏற்றி வைத்திருந்தானாம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த நாலு நிமிஷம் தெளிவாக எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் தேடுகிறார்களாம்.

டெய்லரம்மா இத்தனை காலமும் சக்களத்தியாக வைத்துக் குமுறியது ஒரு கீபோர்டுக் கட்டையை.

வேண்டுமென்றே அழித்ததா, கைதவறியா என்று கேட்டான் பாம்புக்காது. கேட்டது அவரை, கண் போனது அவள்மேல்.

நான்தான் பட்டனை மாற்றி அமுக்கிவிட்டேன், ரிப்பேர்காரன் வீட்டில் இதெல்லாம் சகஜம் என்றார் வீட்டுக்காரர்.

அவன் நெடுநேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானோ இல்லையோ, தாளில் 'கைத்தவறு' என்று எழுதினான். மீதி மூன்றும் தேறின. ஆறையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனான்.

அவர் ஒயரைச் சுருட்டினார். அவள் பக்கம் திரும்பாமலே, தணிந்த குரலில் சொன்னார்.

"கல்யாணமான புதுசுல ஒரு நாள் காலைல தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மூஞ்சிகூடக் கழுவாம வேலைக்குப் போனேன். அப்புறம் இந்த மூணாவது டேப்பைப் போட்டுக் கேட்டதும் தண்ணி எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. ஏன்னுதான் இந்த நிமிஷம் வரைக்கும் தெரியல."

டெய்லரம்மா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நூல் கோத்தாள்.

வெயில் காலம் இல்லையா, என்றாள்.

உங்கள் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும் கண்ணுங்களா, கூடத்தில் சிரிப்பும்.