வாயை அடைத்தருளும்

"ஆண்டவரே, என் பாட்டைக் கெடுக்கிறவனுடைய வாயை அடைத்தருளும். ஆமென்."

பாடகர் குழு மாஸ்டர் இந்த ஜெபத்தைக் கொஞ்ச நாளாகவே விடாமல் செய்து வந்தார். கெடுக்கிறவன் யாரென்று பெயர் சொல்லவில்லை. கர்த்தருக்குத் தெரியாதா என்ன? சபைக்கே தெரியும். பல் டாக்டர்தான்.

மற்ற நேரத்தில் டாக்டர் தங்கமான மனுஷன். ஆனால் பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடம் வந்தால் போதும், பின்வரிசையிலிருந்து ஆலைச் சங்கு மாதிரி ஒரு கத்தல் கிளம்பும். முன்பெஞ்சுக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். குழுவில் அவருக்குப் பெயரே சங்கு டாக்டர்.

"அவரை நீக்கிடலாமே ஐயா" என்று மாஸ்டர் போதகரிடம் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும் மாஸ்டர். நீங்க நினைக்கிறதைவிட அவர் நமக்கு ரொம்ப அவசியம்."

போதகருக்குப் பல்செட்டை ஓசியில் கட்டிக் கொடுத்திருப்பார் என்று மாஸ்டர் முடிவு கட்டினார்.

மாஸ்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. இளவயதில் தானே எழுதி மெட்டமைத்த ஒரு பாட்டை, சபை முன்னால் தனியாக நின்று பாட வேண்டும். போதகர்கள் மாறி மாறி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் "கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்க" என்றார்கள். காத்திருந்ததில் தலைமயிர் கொட்டியதுதான் மிச்சம். ஒருவழியாக நாளை, சபையின் ஆண்டு விழாவில், அந்த வேளை வந்தேவிட்டது.

இன்று காலை ஒத்திகையில் உச்ச வரி வந்தது. மாஸ்டர் கண்ணை மூடி ஏறினார். சங்கும் கூடவே ஏறியது.

"நிறுத்துங்க! டாக்டர், நாளைக்கு நீங்க குழுவுல நிக்க வேண்டாம்."

டாக்டர் முகம் வாடிவிட்டது. "சரிங்க மாஸ்டர்" என்றவர், போகாமல் தயங்கி நின்றார். "எனக்கும் ஒரு நாள் தனியா பாடணும்னு ஆசை மாஸ்டர். அடுத்த வருஷமாவது..."

சிரிப்பை அடக்குவது மாஸ்டருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

"கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்க டாக்டர். பொறுமை வேணும். விசுவாசம் வேணும்."

இத்தனை காலம் கேட்டு மட்டுமே வந்ததை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்வது நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவருக்குக் கடைவாய்ப்பல் விண்ணென்று தெறித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னம் பன்னு மாதிரி வீங்கியது.

"டாக்டர்கிட்ட போங்க" என்றாள் மனைவி.

"அந்த ஆள்கிட்டயா? காலையிலதான் விரட்டிவிட்டேன்!"

"அப்ப நாளைக்கு இந்த மூஞ்சியோட நின்னு பாடுங்க. சபையே பயந்து மனந்திரும்பிடும்."

போனார். காலையில் விரட்டியவரிடம் அன்றைக்கே வாயைத் திறந்து காட்டுவதென்றால் சும்மாவா? ஆனால் டாக்டர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நாற்காலியில் சாய்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை வைத்தார்.

"பொறுமையா இருங்க மாஸ்டர். மரத்ததும் எடுத்துடலாம்."

டாக்டர் திரும்பி நின்று கை கழுவிக்கொண்டே எதையோ முணுமுணுத்தார். முணுமுணுப்பு மெல்லப் பாட்டானது. மாஸ்டருடைய பாட்டு.

உச்ச வரி நெருங்கியது. மாஸ்டர் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கத்தல் வரவில்லை. குரல் அலுங்காமல் மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, இதமாக இறங்கி வந்தது. அந்த வரியை எழுதிய அன்று மனதுக்குள் கேட்டது இதுதான் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

இப்படிப் பாடத் தெரிந்தவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் அப்படிக் கத்துகிறார்? இதைத்தான் கேட்டார். பஞ்சைத் தாண்டி வந்தது, "ஏங்... ஆக்கர்... ஆயிக்கெயமை?"

பல் டாக்டர்களுக்கு அந்தப் பாஷை புரியும்.

"கேட்டுட்டீங்களா?" டாக்டர் அசடு வழிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். முன்னே ஒரு கல்யாண ஆராதனையில, உச்சத்துல உங்க குரல் வழுக்கிடுச்சு. ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. என்ன பண்றதுன்னு தெரியாம கத்திட்டேன். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. அதுல இருந்து அந்த இடம் வந்தா அதையே பண்ணிட்டிருக்கேன்."

டாக்டர் குறடைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் கவலைப்படாதீங்க. நீங்க சொன்ன மாதிரியே குழுவுல நிக்க மாட்டேன். கடைசி பெஞ்சுல உக்காந்து கத்திக்கிறேன்."

பல் வந்துவிட்டது. டாக்டர் புதுப் பஞ்சை வைத்து, "கடிச்சுக்குங்க. வீக்கம் காலையில வத்திடும். தாராளமா பாடலாம்" என்றார்.

மாஸ்டர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பாட்டுத் தாளை எடுத்து டாக்டர் கையில் திணித்தார்.

"இது எதுக்கு எனக்கு? நீங்கதானே பாடணும்?"

மாஸ்டர் தன் வாயைக் காட்டினார். பிறகு மேலே கையைக் காட்டினார். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாக்கும் என்று டாக்டர் விளக்கைத் திருப்பி வைத்தார்.

பாட்டைக் கெடுக்கிறவன் வாயைக் கர்த்தர் கேட்டபடியே அடைத்துவிட்டார். ஆளைக்கூட மாற்றிப் பிடிக்கவில்லை.